பகல் தூக்கம்

ஜனவரி 6

இது போன வருடத்து டைரி. நான் வேலை செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் தன் மேசையைச் சுத்தம் செய்தபோது குப்பையில் போட இருந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். கிழமை எல்லாம் தப்பாக இருக்கும். தேதியை மட்டும் பார்த்து எழுதினால் போதும்.

நேற்று நடந்த எங்கள் குடியிருப்புப் பெண்கள் சங்கக் கூட்டத்தில் பிரமிளா மேடம்தான் எழுதச் சொன்னார். அவர் வக்கீல். ஸ்கூட்டியில் அவ்வளவு தூரம் வந்து எங்களுக்காகப் பேசுகிறார். அதிகாரிகள் முன்னால் நின்றால் எல்லாம் மறந்துபோகும், அதனால் வேலைக்குப் போகும் ஒரு தாயின் நாள் எப்படிப் போகிறது என்று இப்போதே எழுதி வையுங்கள் என்றார். ப்ளஸ் டூ முடித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் கௌசல்யாதான் செயலாளர் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள்.

ஆற்றங்கரையிலிருந்து எங்களை இந்தக் கரும்பாக்கம் குடியிருப்பில் கொண்டுவந்து விட்டு ஆறு வருடம் ஆகிறது. எட்டு மாடிக் கட்டடங்கள். வீடு இங்கே, வேலையெல்லாம் பழைய ஊர்ப் பக்கம். இங்கே ஒரு அங்கன்வாடி இருக்கிறது. இரண்டு வயதுக்கு மேல்தான் சேர்ப்பார்கள். அதைத் திறக்கும் நேரத்தில் நாங்கள் ஏற்கெனவே வேலையில் இருப்போம். கைக்குழந்தையை எங்கே விடுவது? எங்கள் பிளாக்குக்கு எதிரே சமுதாயக்கூடம் ஒன்று பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்து, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை நடக்கிற காப்பகம் ஒன்று வேண்டும், எங்கள் கூலிக்குக் கட்டுப்படியாகிற கட்டணத்தில் வேண்டும். இவ்வளவுதான் நாங்கள் கேட்பது.

அது வரும்வரை லூர்து அக்காதான். மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். தன் ஒற்றை அறையில் ஏழெட்டுக் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறார். முழு நாளும் விட்டால் என் சம்பளத்தில் பாதி போய்விடும் என்பதால் பாப்பாவை அரை நாள்தான் விடுகிறேன். என் வீட்டுக்காரர் ஏழுமலை ஒரு பெரிய அபார்ட்மென்ட்டில் ராத்திரி செக்யூரிட்டி. காலையில் அங்கேயே கார்களைத் துடைத்துக் கொடுத்துவிட்டு மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வருவார். வந்ததும் பாப்பாவை எடுத்துவந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வார். நான் வந்ததும் டூட்டிக்குக் கிளம்பிவிடுவார்.

பாப்பா பெயர் தன்ஷிகா. ஒன்றேகால் வயது.

ஜனவரி 9

வீட்டுக்கு வந்தபோது பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினேன். கண் திறந்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். இட்லியைப் பிட்டு வாயில் வைத்தால் மெல்லாமல் அப்படியே வைத்திருந்தாள். போன வாரமும் இப்படித்தான்.

இவர் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டிருந்தார். எப்போதிருந்து தூங்குகிறாள் என்று கேட்டேன்.

"அங்கேர்ந்து எடுத்தாறப்பவே தூங்கிகினுதான் வந்துச்சு" என்றார்.

ஜனவரி 11

தண்ணீர் லாரி வரிசையில் பேச்சோடு பேச்சாக விசாரித்தேன். லூர்து அக்கா முன்பு தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாவாக இருந்தவராம். ஏன் வேலையை விட்டார் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மருந்து, மாத்திரை எல்லாம் அத்துப்படி என்கிறார்கள். ஒருத்தி ஏழெட்டுக் குழந்தைகளை எப்படிச் சமாளிக்கிறாள், சத்தமே வெளியே கேட்பதில்லையே என்று ஒரு அம்மா சொன்னார்.

பக்கத்து வீட்டு நாகம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் மகன் ரித்திஷ் முழு நாளும் அங்கேதான் இருக்கிறான். "எம்புள்ள வூட்டுக்கு வந்தா செவுத்துல ஏறுறான் கௌசி. அவன் தூங்கினா நான் மாரியாத்தாவுக்குக் கூழ் ஊத்துவேன்" என்றாள்.

நாகம்மா மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். பையனை விட வேறு இடம் இல்லை. இல்லாதபோது எல்லாம் நல்லதாகத்தான் தெரியும்.

ஜனவரி 15

பொங்கலுக்கு இரண்டு நாள் லீவு. பாப்பா இரண்டு நாளும் தரையில் நிற்கவில்லை. கரும்புத் துண்டை எடுத்துக்கொண்டு வராந்தா முழுக்க ஓடினாள். மத்தியானம் கொஞ்ச நேரம் தூங்கினாள், தானே எழுந்தாள், சோறு கேட்டாள். இவரும் வீட்டில் இருந்தார். "இன்னா ஆட்டம் ஆடுறா பாரு" என்று சொல்லிவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குத் தூங்கப் போய்விட்டார்.

வீட்டில் இருந்தால் இப்படி இருக்கிறாள். அங்கே போகிற நாளில் மட்டும் ஏன் துவண்டு கிடக்கிறாள்? இதற்குமேல் என்ன தெரிய வேண்டும்?

ஜனவரி 18

கம்பெனிக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே தலைவலி என்று சொல்லி பெர்மிஷன் வாங்கி, இவர் வருவதற்குள் திரும்பிவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் நேராக மூன்றாம் மாடிக்குப் போனேன். கிரில் கதவு பூட்டியிருந்தது. உள்ளே துணித்திரை. கூப்பிட்டதும் லூர்து அக்கா வந்தார், ஆனால் பூட்டைத் திறக்கவில்லை.

ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டேன். போன வருடம் அடுத்த பிளாக்கில் ஒரு குழந்தை வராந்தாக் கைப்பிடி வழியாகக் கீழே விழுந்ததே, அதிலிருந்து பூட்டித்தான் வைக்கிறேன் என்றார். பாப்பா உள்ளே எழுந்து உட்கார்ந்திருந்தாள். ரித்திஷ் ஒரு டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தான். எல்லாக் குழந்தைகளும் விழித்துத்தான் இருந்தன.

ஆனால் நான் படியேறி வரும்போதே யாராவது பார்த்துச் சொல்லியிருக்கலாம். திரையைத் தள்ளிக்கொண்டு வர அவ்வளவு நேரம் ஏன் ஆனது? அதற்குள் எழுப்பி உட்கார வைத்திருக்கலாம்.

பாப்பாவை நானே தூக்கிவந்தேன். இன்று நன்றாக விளையாடினாள். நான் சந்தேகப்படுகிறேன் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

ஜனவரி 21

தண்ணீர் லாரி வரவில்லை. துணி ஊறியபடியே கிடக்கிறது.

தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர், குழந்தைக்குச் சளி தேவலையா என்று கேட்டார். அது கார்த்திகையிலேயே சரியாகிவிட்டதே என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சில்லறையைக் கொடுத்தார். வேறு யார் குழந்தையையோ நினைத்துக் கேட்டிருப்பார்.

ஜனவரி 24

இன்று பிரமிளா மேடம் கையெழுத்து வாங்க வந்தார். பிளாக் பிளாக்காக ஏறி இறங்கினோம். ஆண்கள் பலரும் கதவைத் திறந்து, வீட்டில் அவ இல்லை, வந்ததும் கேளுங்க என்று அனுப்பினார்கள். பிள்ளை யாருடையது என்று கேட்கலாம் போலிருந்தது.

டீக்கடையில் உட்கார்ந்தபோது பாப்பா விஷயத்தைச் சொன்னேன். மேடம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். இதைத்தான் அதிகாரிகளுக்குப் புரிய வைக்க வேண்டும், பாதுகாப்பான காப்பகம் இல்லாததால் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கிற நிலைமை வந்திருக்கிறது, இதைவிட வலுவான உதாரணம் கிடைக்காது என்றார். நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்றும் கேட்டார்.

பார்க்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்றேன்.

குழந்தைகள் நல ஆபீஸுக்குப் புகார் ஒன்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அவர்கள் வந்து பார்க்கும்வரை பாப்பாவை அங்கே விடுவதைத் தவிர வேறு வழியில்லை. இவரிடம் சொன்னபோது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நின்றார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "இதெல்லாம் உனக்குத் தேவையா" என்று மட்டும் கேட்டார். பயந்த சுபாவம். யாரோடும் சண்டைக்குப் போகாதவர்.

ஜனவரி 30

புகார் கொடுத்த ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாம் மாடியில் கூட்டம் கூடிவிட்டது. நானும் படிக்கட்டில் நின்றேன். அலமாரி, பாத்திரம், பால் பவுடர் டப்பா எல்லாவற்றையும் பார்த்தார்கள். மருந்து எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அனுமதி இல்லாமல் இத்தனை குழந்தைகளை வைத்திருக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு, இன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

யார் புகார் கொடுத்தது என்று லூர்து அக்கா கேட்டார். அதைச் சொல்ல மாட்டோம் என்றார்கள். அவர் அழவில்லை, கத்தவில்லை. ஒவ்வொரு குழந்தையின் பையையும் எடுத்து, அதனதன் துணியை மடித்து வைத்துக் கொடுத்தார். பாப்பாவின் பையில் அவளுடைய பச்சை ஸ்வெட்டரை வைக்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார்.

முன்கூட்டியே தகவல் போயிருக்கும். இல்லாவிட்டால் ஏன் எதுவும் கிடைக்கவில்லை? அந்த இரண்டு பேரில் ஒருவர் அவரை "அம்மா" என்று கூப்பிட்டதை நான் கவனித்தேன்.

பிப்ரவரி 1

மேடம் துண்டுப் பிரசுரம் அடித்துக் கொண்டுவந்தார். "மயக்க மருந்தில் தூங்கும் கரும்பாக்கம் குழந்தைகள்" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. என் பெயர் இல்லை. படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

நாகம்மா அதை வாங்கவில்லை. நாளையிலிருந்து எம்புள்ளைய உன் நோட்டீஸுல சுத்தி வச்சிட்டுப் போறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பிப்ரவரி 5

மூன்று நாள் லீவு எடுத்தேன். பாப்பா ஒரு நிமிடம் சும்மா இல்லை. அரிசி டப்பாவைக் கவிழ்த்தாள். மத்தியானம் தூங்க வைக்கத் தட்டித் தட்டி என் கைதான் ஓய்ந்தது. புகார் கொடுத்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் சமையல்கட்டில் சுவரோடு ஒட்டிப் படுத்துத் தூங்கப் பார்த்தார். பாப்பா போய் அவர் மூக்கைப் பிடித்தாள். எழுந்து வெளியே போய்விட்டார்.

சூப்பர்வைசர் போன் செய்தார். நாளை வரவில்லை என்றால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். என்ன செய்வது என்று இவரிடம் கேட்டேன். கார் துடைக்கிற வேலையை விட்டுவிடுகிறேன், நீ கிளம்புவதற்குள் வந்துவிடுவேன், பகல் முழுக்க நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். தூக்கத்துக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். அது தூங்கும்போது தூங்கிக்கொள்கிறேன் என்றார்.

எத்தனை வீட்டில் ஆம்பளை இப்படிச் சொல்வான்?

பிப்ரவரி 10

பாப்பா தூங்குகிறாள். பல் முளைக்கிற சமயம். வெயிலும் இப்போதே ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரி 11

தூங்குகிறாள். உதடு காய்ந்திருக்கிறது. தண்ணீர் கொடுத்தால் குடிக்கிறாள். பகலில் நிறைய விளையாடியிருப்பாள்.

பிப்ரவரி 13

ரித்திஷுக்குக் காலில் கஞ்சி கொட்டிவிட்டது. நாகம்மா வேலைக்குப் போனபோது அவனை மூத்தவள் ஷர்மியிடம் விட்டு, வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். ஷர்மிக்கு ஒன்பது வயது. தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காகப் பத்து நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. அவள் கஞ்சி வடிக்கும்போது இவன் ஓடிவந்து மோதியிருக்கிறான். பூட்டிய கதவுக்குள் இரண்டும் கத்தியிருக்கின்றன. ஓடிவந்து பூட்டை உடைத்தது லூர்து அக்கா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதும் அவர்தான்.

காலில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பார்க்கப் போனேன். நாகம்மா என்னோடு பேசவில்லை. ஷர்மி, "எனக்குத் திட்டு விழல ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள். நான் எதையும் கேட்காமலேயே சொன்னாள்.

பிப்ரவரி 17

கம்பெனியில் கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் ஓடவில்லை. மத்தியானமே அனுப்பிவிட்டார்கள்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. இவர் தரையில் படுத்திருந்தார், பக்கத்தில் பாப்பா. இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மிக்சி பக்கத்தில் ஒரு ஸ்பூனில் எறும்பு மொய்த்திருந்தது. ஸ்பூனைக் கழுவி வைத்தேன். சோறு ஆக்கினேன்.

பிப்ரவரி 18

துணி துவைத்தேன். எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 20

எழுத வேண்டும். எழுதாவிட்டால் நானும் இதில் கூட்டு.

கரண்ட் போன அன்றைக்குப் பாப்பாவைத் தூக்கியபோது தலை தொங்கியது. கூப்பிட்டேன், கன்னத்தில் தட்டினேன், தண்ணீர் தெளித்தேன். முனகினாள், கண் திறக்கவில்லை. ஸ்பூனைக் கழுவினேன் என்று எழுதியது உண்மை. சோறு ஆக்கினேன் என்று எழுதியது பொய். கழுவும்போதே எனக்குத் தெரியும். மிக்சிக்குப் பின்னால் சளி மருந்து பாட்டில் இருந்தது. கார்த்திகையில் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த அதே மருந்து. இது தூக்கம் வரவைக்கும், நாங்கள் சொன்ன அளவுக்கு மேல் தரக் கூடாது என்று டாக்டர் அப்போதே சொன்னார். அந்த பாட்டில் எப்போதோ தீர்ந்துபோனது. இது புதியது.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இவரும் செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடிவந்தார். டாக்டரம்மா, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் பாட்டிலை நீட்டினேன். எத்தனை நாளாக என்று கேட்டார். நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து" என்றார்.

ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். காலையில் பாப்பா எழுந்து பால் கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் மூச்சு நின்றிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்.

வீட்டுக்கு வந்தபின் கேட்டேன். நான் கத்தவில்லை. கத்துவதற்குத் தெம்பில்லை.

"ஒரு நாள் கேட்டாண்ட நின்னுகினே தூங்கிட்டேன் கௌசி. அபார்ட்மென்ட் செக்ரட்ரி பாத்துட்டாரு. இன்னொரு வாட்டி பாத்தா வேலை இல்லன்னுட்டாரு. கார் தொடச்சிட்டு வந்து படுத்தா இவ ஏறி மிதிக்கிறா. சளிக்குக் குடுத்தப்ப நல்லா தூங்குனாளேன்னு கொஞ்சம் ஊத்துனேன். கொஞ்சந்தான்."

"அப்ப லூர்து அக்காவைச் சொன்னியே?"

"நீ கேட்டப்ப வாயில அப்புடி வந்துடிச்சி. அப்புறம் நீ சங்கத்துல சொல்லிட்ட. எழுதியும் குடுத்துட்ட. அதுக்கப்புறம் எப்புடிச் சொல்றது?"

நான் நாகம்மாவை நம்பவில்லை. கண்ணால் பார்த்ததையும் நம்பவில்லை. இவர் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் நம்பினேன். மருந்துக்கடைக்காரர் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்காமல் இல்லை. இவர் மீது சந்தேகப்பட்டால் அப்புறம் நான் வேலைக்குப் போக முடியாது. அதனால் சந்தேகத்தை மூன்றாம் மாடிக்கு அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 22

லூர்து அக்காவிடம் போனேன். கிரில் பூட்டியே இருந்தது. உள்ளே குழந்தைகள் இல்லை, ஆனாலும் பூட்டியிருந்தது. வெளியே நின்றே எல்லாவற்றையும் சொன்னேன், புகார் கொடுத்தது நான் என்பதையும் சேர்த்து. அது தெரியும் என்றார்.

"ஆஸ்பத்திரில ஏன் வேலை போச்சுன்னு லாரிகிட்ட விசாரிச்சியாமே. மத்தியான டூட்டி முடிஞ்சி ராத்திரி இங்க வர பஸ் கெடையாது. அதான் விட்டேன். இதை நீ எங்கிட்டயே கேட்ருக்கலாம் கௌசி. மருந்து குடுக்கிறியான்னும் என் மூஞ்சிக்கு நேரா கேட்ருக்கலாம். நான் கோவிச்சிருப்பேன், சண்ட போட்ருப்பேன். அவ்ளோதானே."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் திரையை இழுத்துவிட்டார்.

பிப்ரவரி 25

அடுத்த வாரம் சமுதாயக்கூடத்தில் கூட்டம். அதற்காக மட்டும் பூட்டைத் திறக்கிறார்கள். பெரிய அதிகாரி நேரில் வந்து எங்கள் கோரிக்கையைக் கேட்கப் போகிறார். நான்தான் பேச வேண்டும்.

பிரமிளா மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். ஸ்கூட்டியை விட்டு இறங்காமலேயே கேட்டார். பிறகு, நோட்டீஸ் பத்திரிகைகளுக்கெல்லாம் போய்விட்டது, இப்போது போய், மருந்து கொடுத்தது தகப்பன்தான் என்று சொன்னால், உங்கள் ஆட்களைத் திருத்திக்கொள்ளுங்கள், காப்பகம் எதற்கு என்று ஃபைலை மூடிவிடுவார்கள் என்றார். பெயர் சொல்ல வேண்டாம், யார் என்றும் சொல்ல வேண்டாம், குழந்தைகளுக்கு இப்படி நடக்கிறது என்று பொதுவாகச் சொல்லுங்கள் என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பொதுவாகச் சொன்னால் எல்லோரும் மூன்றாம் மாடியைத்தான் நினைப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். அவர் கவலை எங்கள் குழந்தைகளைப் பற்றியா, அவர் அடித்த நோட்டீஸைப் பற்றியா? இந்த மாதத்தில் யாரைப் பார்த்தாலும் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. என் புத்தியையே நம்ப முடியவில்லை.

மார்ச் 3

நாளைக்குக் கூட்டம். இவர் டூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "எம் பேரைச் சொல்லாத கௌசி. பெத்த கொழந்தைக்கு மயக்க மருந்து குடுத்தவன்னு ஆயிடும். அப்புறம் நான் இந்தப் படியில எப்புடி எறங்குவேன்" என்றார்.

சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

மார்ச் 4

கூடம் நிறைந்திருந்தது. வேலையை விட்டுவிட்டு இத்தனை பெண்கள் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. நாகம்மா ரித்திஷை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். லூர்து அக்கா கடைசி வரிசையில் இருந்தார். அதிகாரி நடுவயதுக்காரர். எல்லோரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டே பேனாவைத் திறந்து திறந்து மூடினார். நோட்டீஸ் அவர் கையில் இருந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். மேடம் எழுதிக் கொடுத்த காகிதம் கையில் இருந்தது. முதல் இரண்டு வரி படித்தேன். அதற்குமேல் படிக்கவில்லை. நோட்டீஸில் இருக்கிற குழந்தை என் குழந்தை என்றேன். பார்த்துக்கொண்ட அம்மா மேல் பொய்ப் புகார் கொடுத்தது நான், அவர் எதுவும் செய்யவில்லை, மருந்து என் வீட்டில்தான் கொடுக்கப்பட்டது என்றேன். கூடத்தில் பேச்சுச் சத்தம் எழுந்தது.

"உங்க வீட்ல யார்?" என்று அதிகாரி கேட்டார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். "எம் புருஷன் சார்" என்றேன்.

அவர் நோட்டீஸை மடித்து வைத்துவிட்டார். "பெத்த அப்பாவே கொடுத்தா, அதுக்குக் காப்பகம் கட்டி நாங்க என்னம்மா பண்றது?"

பிரமிளா மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பயந்தது நடந்துவிட்டது என்று தெரிந்தது. எனக்கு அதற்குப் பிறகு பயம் இல்லை.

"அவரு ராத்திரி முழுக்க ஒரு கேட்ல நிக்கிறாரு சார். அந்தக் கேட்டுக்கு உள்ள இருக்கிற பிள்ளைங்க பயமில்லாம தூங்குது. அவரு பகல்ல தூங்கணும். நான் பகல்ல வேலைக்குப் போவணும். ரெண்டு பேரும் சம்பாரிச்சாத்தான் சோறு. அப்ப எம்பொண்ணு பகல்ல எங்க இருப்பா? அவரு பண்ணது தப்பு. அந்தத் தப்புக்கு அவரை இன்னா வேணா பண்ணுங்க. ஆனா நாளைக்குக் காலையில அவளை எங்க விடுறதுன்னு சொல்லுங்க சார்."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். அப்போது நாகம்மா ரித்திஷைக் கொண்டுவந்து மேசையின் மேல் உட்கார வைத்தாள். காலில் கட்டு இருந்தது. யாரும் மருந்து குடுக்கல சார், இவனைப் பூட்டித்தான் வச்சேன் என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்து, மகனை ஜன்னல் கம்பியில் புடவையால் கட்டிவிட்டு வேலைக்குப் போவதாகச் சொன்னாள். பிறகு இன்னொருத்தி. இதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர்கள் எல்லாம், தங்கள் வீட்டுக்குள் இருப்பதைச் சொன்னார்கள். அதிகாரி பேனாவைத் திறந்தார். அதற்குப் பிறகு மூடவில்லை.

வெளியே வந்தபோது மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.  லூர்து அக்கா முன்னாலேயே போய்விட்டிருந்தார்.

மார்ச் 8

இவர் நான்கு நாளாக வீட்டில் சாப்பிடவில்லை. காலையில் வந்து பாப்பாவை வாங்கிக்கொள்கிறார், மதியம் கொடுக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்தே கம்பெனியில் கெஞ்சி அரை நாள் வேலைக்கு மாறியிருக்கிறேன். சம்பளம் குறைந்துவிட்டது. பாப்பாவை அவரிடம் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். வந்ததும் மிக்சிக்குப் பின்னால் பார்க்கிறேன், பரணில் பார்க்கிறேன், அவர் சட்டைப் பையிலும் பார்க்கிறேன்.

இன்று பையில் கை விட்டபோது பார்த்துவிட்டார். சட்டையைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார். "நல்லா பாத்துக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

மார்ச் 20

செய்தி வந்துவிட்டது. சமுதாயக்கூடத்தை மூன்று மாதச் சோதனைக்குத் திறக்கப் போகிறார்கள். நாங்கள் கேட்ட நேரம் முழுக்க இல்லை, ஆனால் வேலைக்குப் போய்த் திரும்பி வருகிற அளவுக்கு இருக்கிறது. கட்டணம் எல்லோரும் கட்டக்கூடியதுதான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இங்கிருந்தே இரண்டு பெண்களை எடுக்கப் போகிறார்கள். லூர்து அக்கா பெயரைச் சங்கம் கொடுத்தது. அவர் மேல் புகார் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 21

லீவு போட்டு ஆபீஸுக்குப் போனேன். புகார் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பொய்ப் புகாருக்கு நடவடிக்கை எடுக்கலாம் தெரியுமா என்று அங்கே இருந்தவர் கேட்டார். எடுங்கள் என்றேன். முத்திரை குத்தி உள்ளே வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 15

லூர்து அக்கா மேல் இருந்த புகாரை எடுத்துவிட்டார்களாம், அவரும் வேலைக்கு ஒத்துக்கொண்டாராம். நாகம்மா வந்து சொன்னாள். கூட்டத்துக்குப் பிறகு அவள் என் வீட்டு வாசலுக்கு வருவது இதுதான் முதல் முறை. "உனக்காக இல்லியாம். அதுக்கும் சோறு துன்னணும்ல" என்றாள். ஷர்மி பள்ளிக்கூடப் பையோடு பின்னால் நின்றாள்.

ஏப்ரல் 21

இன்று காப்பகம் திறந்தார்கள். அதிகாரிகள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனபின், வரிசையாகக் குழந்தைகளை ஒப்படைத்தோம். லூர்து அக்கா வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையாக வாங்கினார். ரித்திஷ் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றான்.

எங்கள் முறை வந்தது. நாங்கள் இருவருமே போயிருந்தோம். இவர் டூட்டியிலிருந்து அப்படியே வந்திருந்தார், யூனிஃபார்மைக் கூட மாற்றவில்லை. வேண்டாம், நான் மட்டும் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

பாப்பாவை நீட்டினேன். லூர்து அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து பால் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகி முகர்ந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். வேறு யார் குழந்தைக்கும் இப்படிச் செய்யவில்லை. வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. இவர் கையைக் கட்டிக்கொண்டு, செக்யூரிட்டி நிற்பது போலவே அசையாமல் நின்றார்.

"தெனமும் பாப்பேன்" என்றார் லூர்து அக்கா.

சரி என்றேன்.

அவர் பாட்டிலை மூடிப் பக்கத்தில் வைத்தார். பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போகத் திரும்பியவர், இவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்து, தாடை தொங்கிப்போயிருந்த முகம்.

"போய்ப் படுத்துத் தூங்கு, ஏழுமலை" என்றார்.